சிங்கப்பூரின் எல்லை: மண்சுவரிலிருந்து கடல் கோடு வரை

லிட்டில் இந்தியாவிலிருந்து பென்கூலன் ஸ்திரீட் வழியாகத் தேசிய அரும்பொருளகத்துக்கு நடந்து போயிருக்கீங்களா? 14ஆம் நூற்றாண்டில் அது நகருக்கு வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழி. எல்லை அப்போது ஒரு சுவர்!

சுவர் எங்கே இருந்தது?

இன்றைய ஸ்டாம்ஃபர்ட் ரோட்டை ஒட்டி, கடற்கரையிலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்று வரை. 1822இல் அதன் மிச்சத்தைப் பார்த்த ஜான் கிராஃபர்ட், அடிப்பகுதி சுமார் 16 அடி அகலம், உயரம் 8 முதல் 9 அடி என்று எழுதினார். பக்கத்தில் ஓடிய ஓடைதான் அகழி. சயாமியர் ஒரு மாதம் முற்றுகையிட்டும் தெமாசெக்கைப் பிடிக்க முடியவில்லை என்கிறது சீனப் பயணி வாங் தாயுவானின் குறிப்பு.

பிரிட்டிஷார் வந்ததும்?

1819 ஜூன் உடன்பாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது கரையோரம் மட்டும். மேற்கே தஞ்சோங் மாலாங், கிழக்கே தஞ்சோங் காத்தோங். உள்பக்கம்? பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை! 1824 ஆகஸ்ட்டில் முழுத் தீவும், சுற்றி 10 மைல் வரையுள்ள கடலும் தீவுகளும் கைமாறின.

கடலில் எப்படிக் கோடு போட்டாங்க?

ஜொகூர் கரை 10 மைலைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அதனால் 1927 உடன்பாட்டில் நீரிணையின் ஆழமான கால்வாயின் நடுப்பகுதியே எல்லையானது. அன்று இரு பக்கமும் பிரிட்டிஷ் ஆதிக்கம்தான். 1965க்குப் பிறகு அதுவே இரு நாடுகளின் எல்லை.

ஆனால் ஒரு சிக்கல்: கடலடி மண் நகரும், கால்வாயும் இடம் மாறும். எல்லையும் கூடவே மாறலாமா? 1995இல் சிங்கப்பூரும் மலேசியாவும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் கோட்டை வரையறுத்தன. கால்வாய் மாறினாலும் கோடு மாறாது.

எல்லாம் முடிந்ததா?

இல்லை. 1995 உடன்பாடு நீரிணைக்கு மட்டும்தான். 2008இல் அனைத்துலக நீதிமன்றம் பெட்ரா பிராங்காவைச் சிங்கப்பூருக்கும் மிடில் ராக்ஸை மலேசியாவுக்கும் வழங்கியது. சவுத் லெட்ஜ் யாருடைய கடற்பகுதியில் இருக்கிறதோ, அந்த நாட்டுக்கே சொந்தம் என்றது. அந்தக் கடற்பகுதியைப் பிரிப்பதை இரு நாடுகளும் பேசித்தான் முடிவு செய்யணும்.

அடுத்த முறை கடற்பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு உங்களுக்குக் கீழே ஓடுது. இரு தரப்பும் ஒரே எண்களை ஏற்றதால்தான் அது நிலைக்கிறது.