மடி வற்றிய பின்

ரோமாபுரியைச் சேர்ந்த பியெத்ரோ தெல்லா வாலே என்ற பயணி 1623-இல் குஜராத்தின் கம்பாத் துறைமுக நகருக்கு வந்தார். அங்கே அவர் ஆவலோடு போய்ப் பார்த்தவற்றுள் ஒன்று பறவைகளுக்கான மருத்துவ இல்லம். நோயுற்ற, முடமான பறவைகளுக்கிடையே தாயற்ற எலிக்குஞ்சுகள் சிலவும் இருந்தன. வெண்தாடி முதியவர் ஒருவர் அவற்றைப் பெட்டியில் பஞ்சுக்கிடையே வைத்து, மூக்குக்கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தபடி, இறகால் பால் புகட்டிக்கொண்டிருந்தார். நேப்பிள்ஸில் இருந்த மருத்துவ நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தெல்லா வாலே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்து அவர் கண்டது ஆடுகளுக்கான இல்லம். பிறகு பசுக்களுக்கும் கன்றுகளுக்குமானது. கால் முறிந்தவை, மூப்படைந்தவை, மெலிந்தவை எல்லாம் அங்கே இருந்தன. அவற்றின் நடுவே ஒரு மனிதனும் இருந்தான். திருடிப் பிடிபட்டு இரு கைகளும் வெட்டப்பட்ட முஸ்லிம் அவன். பிழைக்க வழியற்றுப் போன அவனையும் இல்லத்தார் ஏற்றுக் குறையின்றிப் பராமரித்து வந்தார்கள்.

அந்த மனிதனைப் பற்றி நாம் சற்று நிதானித்து எண்ண வேண்டியிருக்கிறது. கால்நடைகளோடு அவனை வைத்தது இழிவு என்று சொல்வோர் இருக்கக்கூடும். ஆனால் அவ்விடத்தில் சேர இனமோ மதமோ குற்றமின்மையோ தகுதியாகக் கேட்கப்படவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. இனி உழைக்க இயலாது என்ற நிலை ஒன்றே அவர்களை ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்வது இந்நாட்டில் பழைய மரபு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகக் கூறும்போது சோழ, பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகிறார். ஆனால் மருத்துவம் வேறு, அடைக்கலம் வேறு. குணமான மாடு ஏருக்குத் திரும்பும். செய்த செலவு உழைப்பாக மீளும். எதற்கும் திரும்ப முடியாத மாட்டுக்கு நாள்தோறும் தீவனம் வைப்பதில் அந்தக் கணக்கு இல்லை. 1580-களில் இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், வங்கத்தையடுத்த கூச் நாட்டில் முதிர்ந்த, முடமான விலங்குகளைச் சாகும்வரை வைத்துக் காத்ததை எழுதியிருக்கிறார்.

குஜராத்தில் இத்தகைய இல்லங்களுக்குப் பிஞ்சராபோல் என்று பெயர். பெரும்பாலும் ஜைன வணிகர்களின் ஆதரவில் வளர்ந்தவை. பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து 1832-இல் கலவரம் மூண்டது. 1834-இல் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகர் மோதிசந்த் அமீசந்தும் முன்னின்று அங்கே ஒரு பிஞ்சராபோலை நிறுவினார்கள். வணிகர்கள் தம் சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமைதான் இவ்வில்லங்களைத் தாங்கியது. கருணை ஒரு கணத்து உணர்ச்சியாகக் கரைந்துவிடாமல் ஆண்டு முழுவதும் வைக்கோலாக மாறுவதற்குப் பேரேட்டில் ஒரு பற்று தேவைப்பட்டது.

இம்மரபைக் குறையற்றதாகக் காட்ட நாம் விரும்பவில்லை. கொல்லாமை நிறைவேறிவிட்டது என்ற திருப்தியோடு பராமரிப்பு நின்றுபோன இல்லங்களும் உண்டு. காந்தி இவற்றின் நிர்வாகத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, பிழைக்கும் நம்பிக்கையற்று, தீராத வேதனையில் கிடந்தது. மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார் காந்தி. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 'நவஜீவன்' இதழில் அவர் விளக்கம் எழுத நேர்ந்தது. அச்செயலை ஏற்போரும் மறுப்போரும் கடைசியில் ஒரே கேள்வியின் முன்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பது அதன் பொருட்டா, நம் புண்ணியத்தின் பொருட்டா?

அதே கேள்வி 1986-இல் அமெரிக்காவில் வேறு வடிவில் எழுந்தது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கால்நடைச் சந்தைக்குப் பின்புறம், இறந்த விலங்குகளின் குவியலில் ஒரு செம்மறி இன்னும் உயிரோடு கிடப்பதை ஜீன் பௌரும் அவருடைய துணைவர்களும் கண்டார்கள். கருணைக்கொலை தவிர வழியிராது என்று எண்ணியே மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். அங்கே அது எழுந்து நின்றது. ஹில்டா என்று பெயரிடப்பட்ட அந்த ஆடு, அவர்கள் தொடங்கிய 'ஃபார்ம் சாங்ச்சுவரி' இல்லத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மூப்பால் இறந்தது. கன்றுக்கும் ஹில்டாவுக்கும் ஒரே விதி பொருந்தாது. ஒவ்வொரு உயிரையும் தனித்தனியே உற்றுப் பார்த்தாக வேண்டும், அந்த முதியவர் எலிக்குஞ்சைப் பார்த்ததைப் போல.

உழுதும் கறந்தும் ஓய்ந்த மாட்டுக்கு நம் மொழியில் அடிமாடு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை விற்கும் உழவரைப் பழித்துப் பயனில்லை. பல ஆண்டுகள் நீளும் அந்தச் செலவு ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடியதன்று. பம்பாயில் அதை வணிகர் சமூகம் மகமையாகப் பகிர்ந்துகொண்டது. நாம் அதை யாரிடம் விட்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.