கவலை மாடும் யூனிட் கணக்கும்

கொங்கு நாட்டில் கிணற்றின் வளத்தை மாடுகளால் அளந்தார்கள். ‘ரெண்டு கவலைக் கிணறு’, ‘நாலு கவலைக் கிணறு’ என்றால், எத்தனை சோடி மாடுகள் ஒரே நேரத்தில் சால் இழுத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்று பொருள். பாறையை உடைத்து இறங்கிய ஆழக் கிணறுகள் அவை. விடியுமுன் மாட்டைப் பூட்டினால்தான் வெயில் ஏறுமுன் பாத்தி நனையும்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் குதிரையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். தன் நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குபவருக்கு விளங்க வைக்க, 18-ஆம் நூற்றாண்டில் அவர் வகுத்ததே குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது 746 வாட். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவை வட்டாரத்துக்கு மின்கம்பி வந்தது. மெல்ல மெல்லக் கிணற்று மேட்டிலும் மோட்டார் ஏறியது. ‘எத்தனை கவலை’ என்று கேட்டவர்கள் ‘எத்தனை எச்பி’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

திருப்பூரில் 1920-களில் பனியன் துணி பின்னிய எந்திரங்களைக் கையால்தான் சுற்றினார்கள். மின்சாரம் அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது. பின்னாளில் வந்த ‘பவர் டேபிள்’ என்ற பெயரிலேயே அந்த மாற்றம் பதிந்திருக்கிறது: ஒரே நீள மேசையில் வரிசையாக நிற்கும் தையல் எந்திரங்கள், ஒரு மோட்டாரின் விசையில் ஓடும்.

எச்பி மோட்டாரின் வலுவை மட்டும் சொல்லும். அது ஓடிய நேரத்தையும் சேர்த்துச் சொல்வது யூனிட்: ஆயிரம் வாட் ஒரு மணி நேரம், அதாவது 36 லட்சம் ஜூல். 5 எச்பி என்றால் 3,730 வாட். பத்து மணி நேரம் ஓடினால், மோட்டாரில் வெப்பமாக வீணாவதைச் சேர்க்காமலே 37 யூனிட்டைத் தாண்டும். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறினால் அந்தக் கிணற்றுக்காரருக்கு நாளொன்றுக்கு 37 பைசா கூடுதல்.

மின்கட்டணம் ஏறியபோது, அந்தப் பைசாக் கணக்குதான் 1970-ல் கொங்கு விவசாயிகளை வீதிக்கு வரவைத்தது. ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள்.

1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகர வீதிகளை நிறைத்தன. மோட்டார் வந்ததால் கவலையிலிருந்து விடுபட்ட மாடுகள், அதே மோட்டாரின் கட்டணத்துக்காக நகரத்துக்கு நடந்தன.

1980-களில் பாசனத்துக்கு யூனிட் கணக்கு விலகி, எச்பிக்கு இவ்வளவு என்ற கட்டணம் வந்தது. 1989-ல் அமைந்த ஆட்சியில் அதுவும் நீங்கி, விவசாய மின்சாரம் இலவசமானது. பனியன் கம்பெனிகளுக்கு இன்றும் யூனிட் கணக்குத்தான். பெருமாநல்லூரில் ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று விவசாயிகள் கூடி அந்த மூவருக்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.