தைக்கத் தெரிவதும் எப்படித் தைப்பது என்று தெரிவதும்: பனியன் கம்பெனியிலிருந்து ஒரு மனத் தத்துவ விசாரணை

தாராபுரம் பக்கத்துப் பனியன் கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வி, “ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா?” தெரியும் என்றால் இரண்டு துண்டுத் துணியைக் கொடுத்து மெஷினில் உட்காரச் சொல்வார்கள், வாயால் விளக்கச் சொல்வதில்லை. இந்தச் சிறு வழக்கத்தில் மனத் தத்துவத்தின் தீராத வழக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

தத்துவவாதி கில்பர்ட் ரைல் 1949இல் ‘மனம் என்னும் கருத்தாக்கம்’ என்ற நூலில், ஒன்றைச் செய்யத் தெரிவதும் ஒன்று இன்னதென்று தெரிவதும் வேறு வேறு என்றார். விதியை மனத்துக்குள் ஒப்பித்துவிட்டுத்தான் கை இயங்குகிறது என்றால், அந்த ஒப்பித்தலைச் சரியாகச் செய்ய இன்னொரு விதி வேண்டும். அதற்கும் ஒன்று வேண்டும். இப்படி முடிவில்லாமல் போகும் என்பது அவர் வாதம். 2001இல் தத்துவவாதிகள் ஜேசன் ஸ்டான்லியும் திமோதி வில்லியம்சனும் இதை மறுத்தார்கள். செய்யத் தெரிவதும் உண்மைகளை அறிவதன் ஒரு வகையே என்பது அவர்கள் நிலை. அதற்கு முக்கிய ஆதாரம் ஆங்கில இலக்கணம்: செய்யத் தெரிவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடருக்குள் ‘எப்படி’ என்ற வினாச்சொல் இருக்கிறது. ‘எங்கே’, ‘யார்’ என்பவை வரும் தொடர்கள் உண்மைகளைப் பற்றியவை என்றால், இதுவும் அப்படித்தானே என்கிறார்கள்.

தமிழில் இந்த வாதம் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறது. ‘தைக்கத் தெரியும்’ என்பதில் எந்த வினாச்சொல்லும் இல்லை. அதைச் சேர்த்தால் பொருளே மாறுகிறது. ‘எப்படித் தைப்பது என்று தெரியும், ஆனால் தைக்கத் தெரியாது’ என்பது தமிழில் முரண் அல்ல. சூப்பர்வைசர்களில் சிலர் தங்களைப் பற்றி உண்மையாகவே சொல்லிக்கொள்ளக்கூடிய வாக்கியம். ஆங்கிலம் ஒரே தொடருக்குள் அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. இதனால் ரைல் வென்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. தமிழ் இலக்கணமும் மூளையின் வரைபடம் அல்ல. ஒரு மொழியின் தொடரமைப்பை மனத்தின் அமைப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டுமே இங்கே நிறுவப்படுவது.

ஆகவே மெஷினுக்கே போவோம். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டியதுமே ஓரம் சுருண்டுகொள்ளும். ஓட்டுபவர் அந்தச் சுருளை விரலால் நீவிக்கொண்டே, மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றையொன்று முந்தாதபடி ஊசிக்கு விடுகிறார். பக்கத்தில் கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே ஓடுகிறது. கூடுதலாக இழுத்துவிட்டால் தையல் அலையடித்து நிற்கும். நூல் அறுந்தால், கண் பார்ப்பதற்கு முன்பே சத்தம் மாறியது காதில் விழுந்து கால் பெடலை விட்டுவிடும். எவ்வளவு இழுப்பது சரி என்று கேட்டால், “கை பழகிருச்சுங்க” என்பதைத் தாண்டிப் பதில் வராது. அந்த வாக்கியத்தில் எழுவாய் ‘நான்’ அல்ல, கை.

பழகுவது கைதான் என்பதற்கு அறிவாற்றல் அறிவியலிலும் ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை நீக்கினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு இழுக்கும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆனால் அதை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை.

இதற்கும் ஸ்டான்லியிடம் பதில் இருக்கிறது. நரம்பியலாளர் ஜான் கிராக்கவருடன் 2013இல் எழுதிய கட்டுரையில், மொலைசனுக்கு ஒவ்வொரு முறையும் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருந்ததைச் சுட்டுகிறார்கள். உண்மையறிவு இல்லாமல் திறன் தொடங்குவதே இல்லை என்பது அவர்கள் கட்சி. நியாயமான மறுப்புதான். பனியன் கம்பெனியிலும் புது ஸ்டைல் வந்தால், எந்தத் தையல், ஓரத்தில் எவ்வளவு விடுவது என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த உண்மைகள் தைப்பவரின் தலைக்குள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவை முன்னால் தொங்கும் சாம்பிள் பீஸில் இருக்கலாம், சூப்பர்வைசரின் வாயில் இருக்கலாம். கப்பல் செலுத்துவோரை ஆராய்ந்த எட்வின் ஹட்சின்ஸ், 1995இல் வெளிவந்த நூலில், அறிவு இப்படி ஆட்களிடமும் கருவிகளிலும் பரவிக் கிடப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பரவிக் கிடக்கும் இந்த ஏற்பாட்டில் கடன் வாங்க முடியாத பகுதி கையின் பழக்கம் மட்டுமே.

ஸ்டான்லியும் வில்லியம்சனும் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: பார்த்து மட்டும் அறிந்தவரைப் போலன்றி, தைப்பவர் அதே உண்மையை ‘செயல்முறைத் தோற்றத்தில்’, அதாவது தானே செய்யும் வழியாக, அறிகிறாராம். இதைச் சோதித்துப் பார்ப்போம்: மெஷினுக்குப் பக்கத்தில் உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண் மாதக்கணக்கில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பார்க்கிறார். தையல் அலையடிக்கிறது. இழுத்துவிட்டோம் என்று அவருக்கே தெரிகிறது. அடுத்த முறையும் இழுத்துவிடுகிறார். என்றோ ஒரு நாள் தையல் நேராக வரும். அன்று அவருக்குப் புதிதாக எந்த உண்மை தெரிந்தது என்று இந்தக் கோட்பாட்டால் சொல்ல முடியவில்லை. ‘செயல்முறைத் தோற்றம்’ என்பது ரைல் சொன்ன வேறுபாட்டுக்கே வைத்த வேறு பெயர்.