ஆட்டிசம்: பழியிலிருந்து உரிமைக்கு

ஆட்டிசம் என்பது நோயன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் கூறுவர். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கினார். ஆனால் அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற தவறான கருத்து பரவியது. எத்தனையோ தாய்மார்கள் வீண்பழி சுமந்தனர். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் எழுதிய நூல் இதனை மறுத்தது. அவரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையே.

இந்தியாவிலும் பெற்றோரே வழி திறந்தனர். 1991-ல் மேரி பரூவா என்ற தாய் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். எனினும் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக அதனை ஏற்றது.

2005-ல் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் அமைந்தது. அன்று அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது.

சட்டம் மாறினால் மட்டும் போதுமா? சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக் கூட்டத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழலாம். மேளச் சத்தம் அதற்குத் தாங்க முடியாததாக இருக்கும். "வளர்த்த விதம் சரியில்லை" என்று சொன்னால் அது பழைய பழியே. ஓரமாக அமைதியான இடம் கொடுப்போம். படம் காட்டிப் பேசுவோம். மற்றப் பிள்ளைகளையும் சேர்ந்து விளையாடச் சொல்வோம். பழகும் திறன் பழகப் பழகத்தான் வரும்.