டப்ளின் தூய மிக்கன் ஆலய நிலவறை: காட்சியும் காப்பும்

முன்னுரை

தொன்மையான ஆலயங்களின் கல்லறை நிலவறைகள் புனித இடமாகவும் வரலாற்றுச் சான்றாகவும் சுற்றுலாத் தலமாகவும் ஒருங்கே விளங்குகின்றன. அவற்றைக் காணச் செல்வோர்க்குரிய மரியாதையும் பாதுகாப்பும் பெரும்பாலும் தனித்தனி நெறிகளாகவே பேசப்படுகின்றன. அவை இரண்டும் ஒன்றே என்பதை அயர்லாந்தின் தூய மிக்கன் ஆலய வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

நிலவறையின் இயல்பு

டப்ளின் நகரில், லிஃபி ஆற்றின் வடகரையில் அமைந்த இவ்வாலயம் 1095ஆம் ஆண்டில் தோன்றியது என்பர். இன்றுள்ள கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. 1798ஆம் ஆண்டு எழுச்சியின்போது தூக்கிலிடப்பட்ட ஷியர்ஸ் உடன்பிறப்புகள் இதன் நிலவறையில் துயில்கின்றனர்.

இங்குள்ள வேறு சில உடல்கள் எவ்விதப் பதப்படுத்தலுமின்றி இயற்கையாகவே உலர்ந்தவை. சுண்ணாம்புக்கல் சுவர்கள் நிலவறைக் காற்றை வறண்ட நிலையில் வைத்திருந்தமையே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ஈரமின்மையால் அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் செயலிழக்கின்றன. மரப்பேழைகள் சிதைந்தபோதே இவ்வுடல்கள் வெளிப்பட்டன.

தொடுதலும் இழப்பும்

இவற்றுள் 'சிலுவைப்போர் வீரர்' எனப்பட்ட உடல் ஏறத்தாழ 800 ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்பட்டது. அதன் கையைத் தொட்டால் நற்பேறு கிட்டும் என்ற நம்பிக்கை பார்வையாளரிடையே நெடுங்காலம் நிலவியது. தொட்டவர் அதனை அவமதிப்பாகக் கருதவில்லை. அன்பின் அடையாளமாகவே எண்ணினர். ஆயினும் விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் உலர்ந்த தோலுக்குத் தீங்கு விளைவிப்பன. நல்லெண்ணம் மட்டுமே காப்பாகாது என்பது இதனால் பெறப்படும்.

2019ஆம் ஆண்டு அவ்வுடலின் தலை திருடப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிலவறையில் தீ வைக்கப்பட்டது. தீயை அணைக்கப் பயன்பட்ட நீரும் உடல்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. வறட்சியால் நூற்றாண்டுகள் நிலைத்தவை நீரால் சிதைந்தன.

பார்வையாளர் நெறி

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. வழிகாட்டியின்றி இறங்காமை, சிறு குழுவாகச் செல்லுதல், தொடாமை, சுடர் விளக்கைத் தவிர்த்தல், அனுமதியின்றிப் படமெடுக்காமை ஆகியன அவை. மூச்சின் ஈரமும் நிலவறைக் காற்றை மாற்றுமாதலின் நெடுநேரம் தங்குதலும் தவிர்க்கத்தக்கது. செங்குத்தான படிகளிலும் தாழ்ந்த கூரையின் கீழும் மெல்ல நடத்தல் பார்வையாளரின் உடலுக்கும் அங்குள்ள உடல்களுக்கும் ஒருசேரக் காப்பாகும்.

முடிவுரை

காட்சிப்பொருளாவதற்கு இறந்தோர் இசைவு தந்தவரல்லர். ஆகவே அவர்களைக் காண்பது உரிமையன்று. அவர்கள் சார்பில் காப்போர் வழங்கும் இசைவேயாம். விலகி நிற்றலே இங்கு மரியாதையின் முதல் வடிவம். அதுவே பாதுகாப்பின் முதல் விதியுமாகும்.