சக்கரப் பலகையும் முடக்கப்பட்ட கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் பணம் எண்ணுவதற்கே தனிக் கருவி வேண்டியிருந்தது. வெள்ளிச் சக்கரம் என்னும் நாணயம் துவரம்பருப்பைவிடச் சற்றே பெரியது. எடை அரை கிராமுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான சக்கரங்களை விரலால் எண்ணி முடிப்பது எளிதன்று. ஆகவே நாணயத்தின் அளவுக்கே குழிகள் வெட்டிய மரப்பலகையைப் பயன்படுத்தினர். ஒரு பிடி நாணயத்தைப் பலகைமேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமரும். மிகுந்ததைக் கையால் வழித்துவிட்டால் நிரம்பிய பலகையே எண்ணிக்கை. இதுவே சக்கரப் பலகை.

கணக்கு முறையும் விந்தையானது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். எல்லை தாண்டிய ஒவ்வொரு கணக்கிலும் அந்த அரைச் சக்கரம் உறுத்தியிருக்கும்.

இங்கே சொல்லொன்றைப் பற்றிய விளக்கமும் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தின் ‘கேஷ்’ தமிழின் ‘காசு’ என்று பெருமையோடு பகிரப்படுவதில் பாதியே உண்மை. ஆசியச் சிறு நாணயங்களைக் குறித்த ‘கேஷ்’ என்னும் சொல், தமிழ்க் ‘காசு’ போர்ச்சுகீசிய ‘கைஷா’ வழியாக ஆங்கிலத்தில் நுழைந்ததன் விளைவு. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பெட்டியைக் குறித்த இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழிவந்தது. ஆகவே ‘கேஷ்லெஸ்’ என்பதில் தொலைவது பெட்டியே ஒழிய நம் காசு அன்று. ஆனால் சொல்லில் தப்பிய காசு வழக்கில் தப்பவில்லை.

நாணயத்திற்கு ஒரு பண்பு உண்டு: தான் எவர் கையிலிருந்து வந்தது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் மிளகு விற்றவரிடம் வந்து சேர்ந்த சக்கரம், அதற்கு முன் கோயில் காணிக்கையாக இருந்ததா, கள்வன் மடியில் இருந்ததா என்பதைக் கேட்பார் இல்லை. நல்ல வெள்ளியா என்பது மட்டுமே கேள்வி.

ரொக்கமின்றிப் பணம் நகர்வதும் புதிதன்று. வணிகரின் உண்டியல் முறி பழையது. அஞ்சல்துறையின் மணியார்டர் 1880 முதல் உள்ளது. வெளியூர் சென்றவர்கள் அனுப்பிய பணத்தில் வாழ்ந்த கேரளத்தை ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்றே அழைத்தனர். ஆயினும் அந்த முறைகளில் வழிதான் காகிதம், முடிவு ரொக்கம். அஞ்சல்காரர் வாசலில் நின்று தாளை எண்ணிக் கையில் கொடுத்தார். அந்தக் கடைசிப் படியே இப்போது நீங்கிவிட்டது. பணம் கணக்கிலிருந்து கணக்குக்குப் போகிறது. எவர் கைக்கும் வருவதில்லை.

கைக்கு வராத பணத்தின் இடர் திருவிதாங்கூருக்கு 1938இலேயே தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இரு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, அந்த ஜூன் மாதத்தில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. திவான் சி. பி. இராமசாமி ஐயரின் அரசே திட்டமிட்டு அதை வீழ்த்தியது என்ற குற்றச்சாட்டு இன்றளவும் பேசப்படுகிறது. அந்த வழக்கின் நியாயம் எப்பக்கம் இருப்பினும், சேமித்தவர்களுக்கு விளைந்த பாடம் ஒன்றே: கணக்கேட்டில் எழுதிய தொகை, இன்னொருவர் கொடுக்க இசையும்வரை மட்டுமே பணம்.

2016இல் திருவனந்தபுரம் இப்பாடத்தை ஓராண்டில் இருமுறை படித்தது. ஆகஸ்டில் வெள்ளயம்பலத்தை அடுத்த ஆல்தறைச் சந்திப்பின் ஏடிஎம் ஒன்றில், புகையுணர்வி போன்ற தோற்றத்தில் ஒளித்த கருவியால் அட்டை விவரங்களும் இரகசிய எண்களும் திருடப்பட்டன. பணம் எடுக்கப்பட்டது மும்பையில். பறிகொடுத்தவர்கள் தத்தம் வீட்டிலேயே இருந்தனர்; கைப்பேசிக் குறுஞ்செய்திதான் திருட்டைச் சொன்னது. மும்பையில் ருமேனிய நாட்டவர் ஒருவர் கைதானார்.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. புழக்கத்திலிருந்த பணமதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. கேரளத்துக்கு இது இரட்டை அடி. இங்கே சிற்றூர்ச் சேமிப்பு பெரும்பாலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இருந்தது. அச்சங்கங்களுக்குப் பழைய தாள்களை மாற்றித்தரும் உரிமை வழங்கப்படவில்லை. நவம்பர் 14இல் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளும் அவற்றைப் பெறக் கூடாது என்றாயிற்று. கூட்டுறவில் கறுப்புப் பணம் ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் ஒருபுறம். மறுபுறம், தன் சொந்தச் சேமிப்பைத் தன் ஊர்ச் சங்கத்தில் எடுக்க இயலாத உழவர். நவம்பர் 18ஆம் நாள் முதலமைச்சர் பினராயி விஜயனும் அமைச்சர்களும் திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்தனர். ஒரு மாநிலத்தின் அமைச்சரவையே வங்கி வாசலில் அமர்ந்த காட்சி இந்திய நிதி வரலாற்றில் அரிது. திருவிதாங்கூர் காலத்தில், 1945இல், தொடங்கப்பட்டு இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூரும் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது.

தாள் தட்டுப்பட்ட அந்த மாதங்களில்தான் கைப்பேசிப் பணம் கடைகளில் வேரூன்றியது. அதன் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. சில்லறைத் தகராறு ஒழிந்தது. சக்கரப் பலகையைக் குலுக்கியவர்கள் கண்டிருந்தால் வியந்திருப்பார்கள்.

எனினும் புதிய பணத்திற்கு நினைவாற்றல் உண்டு. 2023இல் கேரளத்தின் சிறு வணிகர் பலர் இதை அறிந்தனர். உணவுக்கடையில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுச் சில நூறு ரூபாயைக் கைப்பேசியில் செலுத்துகிறார். அத்தொகை எங்கோ ஓர் இணைய மோசடியிலிருந்து கணக்குக் கணக்காகக் கைமாறி வந்தது. புகாரைப் பெற்ற வேறு மாநிலக் காவல்துறை, பணம் சென்ற தடத்தைப் பின்தொடர்ந்து, தடத்திலுள்ள கணக்குகளை முடக்குமாறு வங்கிகளுக்கு எழுதுகிறது. கடைக்காரரின் கணக்கு முழுவதும் உறைகிறது: மறுநாள் அரிசி வாங்க வைத்த பணம், ஊழியர் கூலி, மகளின் கல்விக் கட்டணம் அனைத்தும்.

1758இல் இலண்டனில் மில்லர் எதிர் ரேஸ் என்ற வழக்கு நடந்தது. அஞ்சல் வண்டியில் கொள்ளை போன வங்கித் தாள் ஒன்று, நல்ல தோற்றமுடைய ஒரு விருந்தினர் வழியே ஒரு விடுதிக்காரரை அடைந்தது. அவர் அதை வங்கியில் நீட்ட, எழுத்தர் தர மறுத்தார். நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு விடுதிக்காரருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தார்: வணிகத்தின் இயல்பான போக்கில், நல்லெண்ணத்தோடு பெற்ற பணம் பெற்றவருக்கே உரியது, அல்லாவிடில் எவரும் எவரிடமும் பணம் வாங்க அஞ்சுவர். அன்றைய விடுதிக்காரரும் இன்றைய கேரள உணவுக்கடைக்காரரும் ஒரே நிலையில் நிற்கின்றனர். வேறுபாடு, இன்று எவரும் உரிமையை மறுப்பதில்லை என்பதே. உரிமை ஏட்டில் அப்படியே இருக்க, 2023இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு தந்த கைப்பற்றும் அதிகாரத்தால் பயன்பாடு மட்டும் நிறுத்தப்பட்டது.

பாதிக்கப்பட்டோர் சிலர் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினர். 2023 அக்டோபரில் நீதிமன்றம், காவல்துறை குறிப்பிட்ட தொகை அளவுக்கே முடக்கம் இருக்க வேண்டும் என வங்கிகளுக்கு ஆணையிட்டது. மீதித் தொகை உரியவர் பயன்பாட்டுக்குத் திரும்பியது. ஆயின் அவ்வாணை வழக்குத் தொடுத்தவர்களுக்குக் கிடைத்த நிவாரணம். உயர்நீதிமன்றம் இருப்பது கொச்சியில். சாலைக் கடைத்தெருவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வழக்கறிஞர் கட்டணத்தையும் பயணச் செலவையும், கணக்கு உறைந்திருக்கும் காலத்தில், ரொக்கமாகத்தான் திரட்டியாக வேண்டும்.