வளவு யாருடையது?

இலங்கையின் தோட்டக்கலை வரலாற்றை எழுதுவோர் சிகிரியாவில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்காவில் தொடங்குவர். பெந்தோட்டைக்கு அருகே 1948இல் கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கி, லுணுகங்கை என்னும் எழிற்சோலையாக்கிய கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவில் முடிப்பர். மன்னனுக்கும் செல்வனுக்கும் இடைப்பட்ட பதினைந்து நூற்றாண்டுகளில் மக்கள் எவரும் மரம் நடவில்லையா? கல்முனைக் கரையின் வீட்டு வளவுகள் இதற்கு விடை கூறும்.

கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல்நிலம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்களும், இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழூர்களும் இந்நிலத்திலேயே நெருங்கி நிற்கின்றன. போர்த்துக்கீசரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்திய செய்தியை நாம் அறிவோம். இரு சமூகத்தாரும் இங்கே தாய்வழிக் குடிமுறையைப் பேணினர். மணமகன் பெண்வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கே உறுதி எழுதப்படும். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், இயன்றால் அதே வளவில் இளையவளுக்கு இன்னொரு வீடு கட்டுவர்.

ஆகவே வளவைத் திட்டமிடுதல் பெண்மக்களின் எண்ணிக்கையோடு தொடங்கும் கணக்காயிற்று. கடப்பைத் தாண்டி உள்ளே சென்றால் வெண்மணல் முற்றம், பின்புறத்தில் கிணறு. மணலில் ஊறிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதால் ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. குளித்த நீர் வாழைக்குப் பாயும். தென்னோலை கிடுகாகி வேலியாகும். முருங்கையும் கறிவேப்பிலையும் அடுப்படிக்கு அருகே. மாதுளையும் மருதோன்றியும் சற்று அப்பால். வெளியுலகின் கண்ணுக்கு மறைந்த இவ்வளவே பெண்களின் தொழிற்களம். சகோதரிகள் வீடுவிட்டு வீடு செல்லும் வழியும் அதுவே. இதை அமைத்தவர்கள் பெண்கள். அவர்களின் பெயர்களை எந்த நூலும் குறித்துவைக்கவில்லை.

எனினும் பழமையை வெறுமனே போற்றுவது நம் நோக்கமன்று. போடியாரின் வளவில் மாவும் பலாவும் நின்றன. மருதமுனை நெசவாளியின் துண்டு நிலத்தில் ஒரு முருங்கைக்கே இடம் இருந்தது. மகளுக்கு வீடு கட்டும் கடமை ஏழைத் தகப்பனின் முதுகை முறித்தது. தங்கைமார் கரையேறும்வரை அண்ணன்மார் திருமணமின்றி உழைத்தனர். கணக்கையும் பாருங்கள்: அரை ஏக்கர் என்பது 80 பேர்ச். நான்கு பெண்மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. அடுத்த தலைமுறையிலும் நான்காகப் பிரிந்தால் 5. அப்போது மரம் மறைகிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே சில அடிகளே மிஞ்சுகின்றன. கிடுகுவேலி நின்ற இடத்தில் மதில் எழுகிறது. மேற்கே விரியவும் வழியில்லை. அனுமதியின்றி வயலை நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. தடுப்பதும் நியாயமே, சோறு வேண்டுமல்லவா?

இதே மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அரசு வேறொரு திட்டம் தீட்டியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் குடியேறிய குடும்பத்துக்குத் தொடக்கத்தில் 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. நிலம் துண்டாடப்படக் கூடாது என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதபோது, அச்சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. இந்தப் பாகுபாடு 2022இல்தான் நீக்கப்பட்டது. கரையோர வழக்கு மகளுக்குக் கொடுத்தது, நிலத்தைச் சிதைத்தது. அரசின் சட்டம் நிலத்தைக் காத்தது, மகளைப் பின்தள்ளியது!

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. வேலிகள் போயின, கிணறுகளில் உப்பேறியது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. பின்னர் அவ்விதியைத் தளர்த்தியது. இடம்பெயர்ந்தோருக்கு வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. கூரை கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்கு ஈடாக வந்த வீடு, ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரால் பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போயிற்று. கிழக்கின் பெண்கள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர், கூட்டுரிமை கேட்டனர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வீட்டுத் தோட்டத்தின் முதற்கோடு உறுதியில் எழுதப்படும் பெயரே. அடுத்தது கிணற்றின் இடம். அதன்பின் குழியின் தூரம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழி. இவற்றுக்குப் பின்னரே பூஞ்செடி. ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவரவர் வளவைப் படமாக வரையச் செய்வார்களாக. பாட்டி காலத்தில் அது எவ்வளவு, இன்று எவ்வளவு, யார் பெயரில் என்று மாணவர் கேட்டு எழுதட்டும். அந்தப் படங்களைக் கையில் ஏந்திப் பிரதேச சபையின் வாயிலில் நிற்கும்போது நம் கோரிக்கைக்குச் சான்று தேடி அலைய வேண்டியிராது.